அடிச்சு ஓட்டின வண்டி



கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள். 33 வருடம் உங்கள் தவறுகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டவன் நான். இன்று என் விடைத்தாளை நானே திருத்தப் போகிறேன்.

போன வருடம் பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் என் அக்கா மகன் வீட்டுக்கு வந்தான். பம்ப் கம்பெனியில் ஆறு வருடம் வேலை பார்த்துச் சேர்த்த ஏழு லட்சம் கையில் இருந்தது. சின்ன வயதிலிருந்தே அவனுக்குக் கார் பைத்தியம். அந்தக் காசுக்குப் புதிதாக வாங்கினால் சாதாரண வண்டிதான் வரும். பழையதாகப் பார்த்தால் டர்போ என்ஜின் வைத்த, மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டுகிற வண்டி கிடைக்கும் என்பது அவன் கணக்கு. இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்திருந்தான். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே என்ஜின், இரண்டுமே கையால் கியர் போடுகிற வண்டி. கம்பெனி பெயர் இந்தக் கதைக்குத் தேவையில்லை.

முதல் வண்டி ஓய்வு பெற்ற டாக்டர் ஒருவருடையது. ஏழு வருடத்தில் 28 ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பாதி பிரிக்கவில்லை. விலை 6 லட்சத்து 60 ஆயிரம். இரண்டாவது வண்டி, ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பையனுடையது. 84 ஆயிரம் கிலோமீட்டர். மாதம் ஒரு முறை செட்டிபாளையம் பக்கம் இருக்கும் காரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போய் ஓட்டுவானாம். ஞாயிற்றுக்கிழமையானால் ஆழியாறு தாண்டி வால்பாறை மலையின் 40 கொண்டை ஊசி வளைவுகள். விலை 5 லட்சத்து 25 ஆயிரம்.

அக்கா வீட்டுக்காரர் இல்லாத குடும்பம். எந்தப் பெரிய முடிவானாலும் "மாமாவை ஒரு வார்த்தை கேட்டுக்கோ" என்பாள் அக்கா. அவனும் கேட்டான்.

நான் யோசிக்கவே இல்லை. "ரெண்டாவது அடிச்சு ஓட்டின வண்டிடா. நமக்கு வேண்டாம். டாக்டர் வண்டியை எடு" என்றேன்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. என்னிடம் பத்தாவதில் அறிவியல் படித்த ஒருவன் சுந்தராபுரம் பக்கம் கார் ஷெட் வைத்திருக்கிறான். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் கடைசி பெஞ்சுக்காரன் என்றே வைத்துக்கொள்வோம். அவன் வகுப்பில் இருந்தவர்களுக்கு யாரென்று தெரிந்திருக்கும். அவனாகவே போன் பண்ணினான். "சார், அந்த 84 ஆயிரம் ஓடின வண்டியை நான்தான் மூணு வருஷமா பார்க்கறேன். நல்ல வண்டிங்க சார். தம்பியை அதை எடுக்கச் சொல்லுங்க." சரிப்பா, பார்க்கிறேன் என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு வீட்டில், "இவனுக்கு அதில் கமிஷன் ஏதாவது இருக்கும்" என்று சொன்னேன். இதையும் எழுதாவிட்டால் இந்தப் பதிவுக்கு அர்த்தம் இல்லை.

டாக்டர் வண்டி வீட்டுக்கு வந்தது. எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம்.

மூன்று மாதம் ஓடியது. சித்திரையில் அக்காவைக் கூட்டிக்கொண்டு குன்னூருக்குப் போனான். மேட்டுப்பாளையம் தாண்டி பர்லியாறு பக்கம் ஏறும்போது ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. கூடவே டர்போ பக்கமிருந்து ஊளையிடுவது போல ஒரு சத்தம். பையன் புத்திசாலி. உடனே ஓரம் கட்டி என்ஜினை அணைத்துவிட்டான். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே, ஊருக்குப் போயிடலாம்" என்று ஓட்டியிருந்தால் என்ஜினே போயிருக்கும் என்று பிறகு தெரிந்தது. லாரியில் ஏற்றி சுந்தராபுரம் கொண்டுவந்தோம். எந்த ஷெட்டுக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் நான் போனபோது வண்டி லிஃப்டில் நின்றது. அடியில் இருக்கும் ஆயில் சம்பைக் கழற்றி ஒரு பழைய பேப்பர் மேல் வைத்திருந்தான். "சார், விரல் வெச்சுப் பாருங்க" என்றான். வைத்தேன். எண்ணெய் இல்லை அது. வடைச் சட்டியின் அடியில் வருடக்கணக்கில் ஒட்டிய பிசுக்கு இருக்குமே, அந்தப் பதம். கறுப்பாக, கெட்டியாக. என்ஜினுக்குள் எண்ணெயை உறிஞ்சுகிற குழாயின் வாயில் ஒரு வலை வடிகட்டி இருக்கும். அதில் பாதிக்கு மேல் அடைத்துக் கிடந்தது. சமதரையில் மெதுவாகப் போகும்வரை மிச்சம் இருந்த ஓட்டை போதுமாக இருந்திருக்கிறது. மலை ஏறும்போது என்ஜின் அதிகம் கேட்டது, எண்ணெய் வரவில்லை. டர்போவின் பேரிங் தேய்ந்துவிட்டது. கிராங்க் பேரிங்குகளில் கீறல்.

செலவு 1 லட்சத்து 85 ஆயிரம். ஆவணியில் அவனுக்குக் கல்யாணம் வைத்திருந்தோம். மண்டபத்துக்கு எடுத்து வைத்த பணத்தில் கை வைக்க வேண்டியதாயிற்று. அவன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்கா மட்டும், "விடு தம்பி, உனக்கென்ன தெரியும்" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த சில வாரங்கள் நேரம் கிடைக்கும்போதெல்லாம் அந்த ஷெட்டில் போய் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். வகுப்பு மாறிவிட்டது. அவன் நடத்தினான், நான் கேட்டேன்.

முதல் கேள்வி: மெதுவாக, பூப்போல ஓட்டிய வண்டிக்கு இது எப்படி வந்தது?

"சார், நீங்க நடத்தின பாடம்தான்" என்றான். ஹைட்ரோகார்பன் எரிந்தால் கார்பன் டை ஆக்சைடும் நீரும் கிடைக்கும். கரும்பலகையில் நூறு முறை எழுதியிருப்பேன். ஆனால் எவ்வளவு நீர் என்று நான் யோசித்ததில்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்கள். ஆக்டேனின் மூலக்கூறு நிறை 114. அது எரிந்தால் ஒன்பது நீர் மூலக்கூறுகள், நிறை 162. ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய முக்கால் கிலோ. ஆக, ஒரு லிட்டர் பெட்ரோல் எரித்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது! பெரும்பாலும் ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். மார்கழிக் காலையில் சைலன்சரிலிருந்து சொட்டுவது அதுதான். ஆனால் கொஞ்சம் ஆவியும், எரியாத கொஞ்சம் பெட்ரோலும் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே எண்ணெயில் கலக்கும்.

என்ஜின் நன்றாகச் சூடாகி அரை மணி நேரம் ஓடினால் அந்தத் தண்ணீரும் பெட்ரோலும் எண்ணெயிலிருந்து ஆவியாகி வெளியேறிவிடும். டாக்டருக்கு வீட்டிலிருந்து கிளினிக் 3 கிலோமீட்டர். காலையில் 3, மாலையில் 3. டேஷ்போர்டில் சூட்டைக் காட்டும் முள் நடுவுக்கு வந்துவிடும். அது காட்டுவது ரேடியேட்டர் தண்ணீரின் சூடு. எண்ணெய் சூடாக அதைவிட அதிக நேரம் ஆகும். அது சூடாவதற்குள் கிளினிக் வந்துவிடும். இப்படி ஏழு வருடம்.

இரண்டாவது காரணம், எனக்கு அதைவிட வெட்கமானது. எண்ணெயை எப்போது மாற்ற வேண்டும் என்று வண்டியோடு வரும் புத்தகத்தில் போட்டிருக்கிறது: 15 ஆயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முன்னால் வருகிறதோ அது. டாக்டர் கிலோமீட்டரை மட்டும் பார்த்திருக்கிறார். "வண்டி ஓடவே இல்லையே, எதுக்கு சர்வீஸ்" என்று விட்டிருக்கிறார். முதல் இலவச சர்வீஸுக்குப் பிறகு, ஏழு வருடத்தில் எண்ணெய் மாற்றியது ஒரே முறை. சர்வீஸ் புத்தகம் கார் பெட்டிக்குள்தான் இருந்தது. வாங்கும் அன்று நான் அதைப் புரட்டினேன். கறை இல்லாமல் இருக்கிறது, நல்ல மனிதர், புத்தகத்தைக்கூடப் பத்திரமாக வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். வெறும் பக்கங்களைப் பார்த்து சுத்தமான நோட்டு என்று மார்க் போட்ட வாத்தியார் நான்.

இரண்டாவது கேள்வி: அடித்து ஓட்டினால் தேயாதா?

இதற்கு அவன் சொன்னதும், நான் பழைய புத்தகங்களை எடுத்துப் படித்ததும் சேர்த்து எழுதுகிறேன். நாம் நினைப்பது, இரும்பும் இரும்பும் உரசுகிறது, வேகம் கூடினால் உரசலும் கூடும் என்று. நல்ல நிலையில் இருக்கும் என்ஜினின் முக்கியமான பேரிங்குகளில் இரும்பும் இரும்பும் தொடுவதே இல்லை. இடையில் மெல்லிய எண்ணெய்ப் படலம்.

1883-ல் இங்கிலாந்தில் பொசாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுகளின் பேரிங்கை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் மேல் ஒரு துளை போட்டார். அச்சைச் சுற்றினால் துளை வழியாக எண்ணெய் மேலே வழிந்தது. தக்கையால் அடைத்தார். தக்கையைத் தள்ளிக்கொண்டு வந்தது. மரக்கட்டையை அடித்துப் பார்த்தார். அதையும் தள்ளியது. சுழலும் அச்சே எண்ணெயை இழுத்துக்கொண்டு போய், தன்னைத் தூக்கிப் பிடிக்கும் அழுத்தத்தை உண்டாக்குகிறது என்பது அப்போது தெரிந்தது. 1886-ல் ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ் அதற்குக் கணிதம் எழுதினார். மழை பெய்த ரோட்டில் வேகமாகப் போகும் டயர் தண்ணீர் மேல் மிதக்குமே, அந்த மாதிரி. ரோட்டில் அது ஆபத்து. பேரிங்குக்குள் அதுதான் உயிர்.

இந்தப் படலம் உண்டாக மூன்று வேண்டும்: சுழற்சி, தேவையான பிசுபிசுப்பு உள்ள சுத்தமான எண்ணெய், தடையில்லாமல் வந்து சேருகிற எண்ணெய். ஸ்டார்ட் பண்ணும் அந்த நொடியில் சுழற்சி இல்லை. குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருப்பதால் மேலே போய்ச் சேர நேரம் பிடிக்கும். அதனால் குளிர்ந்த என்ஜினை எடுத்தவுடன் உறுமவிடுவது கெடுதல். பி.எம்.டபிள்யூவின் எம் வகைக் கார்கள் சிலவற்றில் ஆர்.பி.எம். மீட்டரைச் சுற்றி விளக்குகள் இருக்கும். குளிர்ந்த நிலையில் இவ்வளவுக்கு மேல் போகாதே என்று காட்டும். எண்ணெய் சூடாகச் சூடாக ஒவ்வொன்றாக மாறி, முழு வேகத்துக்கு அனுமதி தரும். வேகமாக ஓட்டுவதற்கென்றே கட்டிய கம்பெனியே, ஓட்டு, ஆனால் காத்திருந்து ஓட்டு என்கிறது.

அந்த ஐ.டி. பையன் அதைத்தான் செய்திருக்கிறான். "சார், அவன் வண்டியை எடுத்தா முதல் பத்து கிலோமீட்டர் உங்க ஸ்கூட்டர் அவனை முந்திடும்" என்றான் நம்ம ஆள். டிராக்கில் ஓட்டி முடித்ததும் கடைசிச் சுற்றை மெதுவாகச் சுற்றி, ஆறவிட்டுத்தான் அணைப்பானாம். டர்போ என்ஜினில் இது பெரிய விஷயம். பெட்ரோல் என்ஜினின் புகை 900 டிகிரி அளவுக்கு வரும். அந்தப் புகையில் சுழலும் சின்னச் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுற்றும். அதைத் தாங்குவதும் எண்ணெய்ப் படலம்தான். அடித்து ஓட்டிவிட்டுச் சட்டென்று சாவியைத் திருப்பினால் எண்ணெய் நின்றுவிடும். நின்ற எண்ணெய் அந்தச் சூட்டில் கரியாகிப் படியும். இப்போது வரும் பல வண்டிகளில் அணைத்த பிறகும் தண்ணீரைச் சுற்றவிட மின்சார பம்ப் இருக்கிறது. இருந்தாலும் ஒரு நிமிடம் மெதுவாக ஓட்டி நிறுத்துவதற்குக் காசா, பணமா?

மெதுவாக ஓட்டுகிறவர்கள் செய்யும் இன்னொரு தவறும் உண்டு. நானும் செய்வேன். மைலேஜ் வரும் என்று 40 கிலோமீட்டர் வேகத்திலேயே ஐந்தாவது கியர் போட்டு, மேடு வந்தாலும் கியரைக் குறைக்காமல் மிதிப்பது. பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் டர்போ என்ஜின்களில் குறைந்த சுற்று, அதிகப் பாரம் என்ற நிலையில், தீப்பொறி வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்வது உண்டு. பிஸ்டனைச் சுத்தியலால் அடித்த மாதிரி. பிஸ்டனே உடையலாம். இதைத் தாங்குகிறதா என்று சோதித்துப் பார்த்த எண்ணெய்களுக்கென்றே 2018-ல் தனித் தரக்குறியீடு கொண்டுவந்தார்கள். பூப்போல ஓட்டுகிறேன் என்று என்ஜினைத் திணற விடுவதும் ஒருவகை அடிதான்.

அப்படியானால் அடித்து ஓட்டுவது நல்லதா என்று கேட்காதீர்கள். இல்லை. இங்கேதான் அரைகுறையாகப் புரிந்துகொண்டு கிளம்பக் கூடாது.

இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 50-லிருந்து நிறுத்துவதைவிட 100-லிருந்து நிறுத்த பிரேக் நான்கு மடங்கு ஆற்றலைச் சூடாக மாற்ற வேண்டும். பிஸ்டன் ஒவ்வொரு முறை நின்று திரும்பும்போதும் இணைப்புத் தண்டில் விழும் இழுவையும் அப்படித்தான். 3000 சுற்றில் இருப்பதைப்போல 6000 சுற்றில் நான்கு மடங்கு.

ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர் என்பவர் 1850, 60-களில் ரயில் அச்சுகள் ஏன் முறிகின்றன என்று பார்த்தார். ஒரே முறை ஏற்றினால் தாங்குகிற பாரத்தையே லட்சக்கணக்கான முறை மாற்றி மாற்றி ஏற்றினால் எஃகு முறிகிறது. ஆனால் ஒரு எல்லைக்குக் கீழே பாரம் இருந்தால் எத்தனை முறை ஏற்றினாலும் ஏறக்குறைய ஒன்றும் ஆவதில்லை. எல்லையைத் தாண்டினால் ஆயுள் மளமளவென்று குறையும்.

பழைய வேக வண்டி வாங்குகிறவர்கள் மனதில் வைக்க வேண்டியது இந்த எல்லைதான். கம்பெனி கட்டிக் கொடுத்த என்ஜினை அதன் சிவப்புக் கோட்டுக்குள், சூடான பிறகு, நல்ல எண்ணெயோடு எவ்வளவு ஓட்டினாலும் அது எல்லைக்குள் ஓட்டுவது. அந்தக் கோட்டை அதற்காகத்தான் போட்டிருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் ரீமேப் செய்து டர்போவின் அழுத்தத்தை ஏற்றி 30 சதவீதம் சக்தி கூட்டினால் எல்லையை நகர்த்திவிட்டோம் என்று அர்த்தம். ஆனால் கிளட்சும் கியரும் அச்சும் பழையதுதான். அந்த மாதிரி வண்டியை நம்ம ஆளே வாங்க வேண்டாம் என்கிறான். அவசரத்தில் ஐந்தாவதிலிருந்து நான்காவதுக்குப் பதில் இரண்டாவது கியர் போட்டுவிட்டால், ரெவ் லிமிட்டரால் ஒன்றும் செய்ய முடியாது. அது பெட்ரோலைத்தான் நிறுத்தும். சக்கரமே என்ஜினைச் சுற்றும்போது என்ன செய்யும்? போர்ஷே கார்களில் என்ஜின் எல்லை மீறிச் சுற்றியது எத்தனை தடவை, எந்த மணிக்கணக்கில் என்று கம்ப்யூட்டரே குறித்து வைக்கிறது. பழைய போர்ஷே வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது அந்தக் கணக்கைத்தான்.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு உதாரணம் உண்டு. காரி ஸ்பீட்வே யார் பெயரில் இருக்கிறதோ அந்தக் கரிவரதன், கோவைக்காரர். மாருதி காரின் என்ஜினை வைத்தே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்கள் கட்டினார். ஃபார்முலா மாருதி என்று பெயர். குடும்பத்தோடு மருதமலைக்குப் போகிற அதே 800 என்ஜின், பந்தயத்தில் முழு மிதியில் அலறியது. பந்தய என்ஜினைக் கழற்றிப் பார்ப்பார்கள், தேய்ந்ததை மாற்றுவார்கள், எண்ணெயை அடிக்கடி புதுப்பிப்பார்கள். கடுமையான உழைப்பு இருக்கும் இடத்தில் கவனிப்பும் இருக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அந்த 84 ஆயிரம் வண்டி என்ன ஆயிற்று? பொள்ளாச்சிக்காரர் ஒருவர் வாங்கினார். நம்ம ஷெட்டுக்குத்தான் வருகிறது. போன மாதம் வந்தபோது மீட்டரில் 1 லட்சத்து 9 ஆயிரம். அவர் அனுமதியோடு பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போனேன். என்ஜின் தையல் மிஷின் மாதிரி இருக்கிறது. செலவே இல்லாமல் இல்லை. வாங்கிய ஆறு மாதத்தில் கிளட்ச் செட், முன்பக்க பிரேக் டிஸ்க், ஷாக் அப்சார்பர், நான்கு டயர், எல்லாம் சேர்த்து 90 ஆயிரத்துக்குப் பக்கம் ஆனதாம். அடித்து ஓட்டியதன் விலை அது. ஆனால் அவை எல்லாம் வெளியே தெரிகிற தேய்மானம். வாங்கும்போதே பார்த்துச் சொல்லலாம், விலையில் கழிக்கலாம். இரண்டு வண்டிக்கும் விலை வித்தியாசம் 1 லட்சத்து 35 ஆயிரம் இருந்ததே, அதற்குள் அடங்கிவிட்டது. டாக்டர் வண்டியின் சேதம் பளபளப்புக்குள் ஒளிந்திருந்தது.

இரண்டே இரண்டு வண்டியை வைத்து விதி எழுதக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். எல்லா டாக்டர் வண்டியும் இப்படி இல்லை. எல்லா டிராக் வண்டியும் அப்படி இல்லை. ஓட்டியது யார் என்பதைவிட, சூட்டையும் எண்ணெயையும் கவனித்தார்களா என்பதுதான் கேள்வி. நம்ம ஆள் சொன்னதை வரிசையாக எழுதுகிறேன். பழைய வண்டி வாங்க நினைப்பவர்கள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் சர்வீஸ் ரசீதுகள். கிலோமீட்டரை மட்டும் பார்க்காமல் தேதிகளைப் பாருங்கள். வருடத்துக்கு ஒரு முறையாவது எண்ணெய் மாற்றியிருக்க வேண்டும்.

2. வண்டியைப் பார்க்கப் போகும்போது என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். முன்பே ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தால் இன்னொரு நாள் காலையில் வாருங்கள். குளிர்ந்த ஸ்டார்ட்டில் கேட்கும் கடகட சத்தமும் நீலப் புகையும் பிறகு மறைந்துவிடும்.

3. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து அடியில் பாருங்கள். பிசுக்கோ, பால் கலந்த மாதிரி வெண்மையோ இருந்தால் கேள்வி கேளுங்கள்.

4. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. கம்மியாக ஓடிய வண்டியில் டயரின் பட்டன் புதிதாக இருக்கும், ரப்பர் கிழடாகியிருக்கும். டைமிங் பெல்ட் உள்ள வண்டியானால் அதற்கும் வயது உண்டு.

5. ரீமேப் செய்ததா என்று நேராகக் கேளுங்கள். மாற்றிய சைலன்சர், ஏர் ஃபில்டர் இருந்தால் பதிலை அப்படியே நம்பாதீர்கள்.

6. கம்ப்யூட்டர் ஸ்கேன், ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் சோதனை. சில ஆயிரம் ரூபாய் ஆகும். நான் மிச்சம் பிடித்தது அந்தச் சில ஆயிரத்தைத்தான்.

7. ஓனரிடம் பேச்சுக் கொடுங்கள். என்ன எண்ணெய் ஊற்றுகிறீர்கள் என்று கேட்டால் பிராண்டும் எண்ணும் சொல்கிறவர் வண்டியைக் கவனித்தவர். அதெல்லாம் டிரைவருக்குத்தான் தெரியும் என்றால் யோசியுங்கள்.

எட்டாவதாக வாத்தியார் சொல்வது: வேகம் டிராக்கில் மட்டும். அவிநாசி ரோட்டில் ஓட்டுவதற்காக நான் இவ்வளவு எழுதவில்லை. என்ஜினுக்கு மாற்று பேரிங் கிடைக்கும்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மண்டபப் பணத்தில் குறைந்ததை என் பென்ஷன் சேமிப்பிலிருந்து கொடுத்தேன். அவன் வாங்க மாட்டேன் என்றான். அக்கா வாங்கிக்கொள்ளச் சொன்னாள். வண்டி இப்போது நன்றாக ஓடுகிறது. மாதம் ஒரு முறை பொள்ளாச்சி வரை நன்றாகச் சூடேற ஓட்டிவிட்டு வருகிறான்.

இனி மன்னிப்பு. டாக்டரிடமோ, ஐ.டி. பையனிடமோ இல்லை. மாப்ள, உன்னிடம் நேரில் கேட்டுவிட்டேன். கடைசி பெஞ்சுக்காரனிடம் கேட்கவில்லை. பத்தாவது படிக்கும்போது, பள்ளிக்குப் பின்னால் என் ஸ்கூட்டரின் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்துகொண்டிருந்தவனைப் பிடித்து, வகுப்பு முன்னால் நிறுத்தி, "நீ உருப்பட மாட்டே" என்று சொன்னேன். அன்று மாலை ஸ்கூட்டர் முதல் உதையில் ஸ்டார்ட் ஆனது. அது அவன் செய்த வேலை என்று எனக்குத் தெரியும். அப்போதும் சொல்லவில்லை. முப்பது வருடம் கழித்து அதே ஆள் போன் பண்ணிச் சொன்னபோதும் கமிஷன் என்றேன். சத்தம் போடுகிற வண்டி கெட்ட வண்டி, சத்தமில்லாத வண்டி நல்ல வண்டி என்று வகுப்பிலும் அப்படித்தான் பிரித்து வைத்திருந்தேன் போலிருக்கிறது. தம்பி, என்னை மன்னித்துக்கொள்.

இதை அவனிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் பதிவிடுகிறேன். தலையைக் குனிந்துகொண்டு கையைத் துடைத்தபடியே கேட்டான். பிறகு, "சார், அடுத்த எண்ணெய் மாத்தற தேதியை உங்க கையெழுத்துல எழுதிக் குடுங்க, தம்பி வண்டியில ஒட்டிடறேன். உங்க கையெழுத்துன்னா பயந்து மாத்திருவான்" என்றான்.

எழுதிக் கொடுத்தேன். தேதி பெரிதாக, கிலோமீட்டர் அதற்குக் கீழே சின்னதாக. சிவப்பு மையில்.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் வாத்தியார்